54.6 வோல்ற்றா, 53.3 வோல்ற்றா: என் மின் சைக்கிள் பற்றரிக்கு நான் தேர்ந்த அளவு

சார்ஜரின் முதுகில் ஒட்டியிருந்த தாளில் 48 வோல்ற்று, 2 அம்பியர் என்று மட்டுமே அச்சிட்டிருந்தது. என் சைக்கிளுக்காக நான் கட்டிய பற்றரியையும் 48 வோல்ற்றுப் பற்றரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பிளக்கின் வடிவமும் பொருந்தியது. "தம்பி, 48க்கு 48 தானே, கொண்டு போய்ச் செருகும்" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து, செருகுவதற்கு முன் ஏதோ ஒரு சந்தேகத்தில் மல்ரிமீற்றரின் இரண்டு முனைகளையும் சார்ஜரின் வாயில் வைத்துப் பார்த்தேன். 58.8 என்று காட்டியது.

என் பற்றரியில் தொடராக இருப்பவை பதின்மூன்று தொகுதிகள்; சமாந்தரமாக இணைத்த நான்கு செல்கள் சேர்ந்தது ஒரு தொகுதி. 58.8ஐப் பதின்மூன்றால் வகுத்தால் தொகுதிக்கு 4.52 வோல்ற்று வரும். நான் பயன்படுத்திய செல்கள் தாங்கக்கூடிய மேல் எல்லையோ 4.20. அன்று மீற்றரைக் கையில் எடுக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் அதிகம் கற்பனை செய்ய விரும்பவில்லை. காவலுக்கு பி.எம்.எஸ். பலகை, அதாவது தொகுதிகளின் வோல்ற்றளவைக் கண்காணித்து எல்லை மீறினால் துண்டிக்கும் மின்சுற்றுப் பலகை, இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அதன் மீது எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்பது வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

48 என்பது ஒரு செல்லப்பெயர், அவ்வளவுதான். மடிக்கணினிகளிலும் மின் சைக்கிள்களிலும் வழக்கமாக வரும் லிதியம் அயன் செல்லுக்குப் பெயரளவு 3.6 அல்லது 3.7 வோல்ற்று, நிறைவளவு 4.20. பதின்மூன்றைத் தொடராக அடுக்கினால் பெயரளவு 48ஐ ஒட்டி வரும், நிறைவளவு 54.6 ஆகும். பதினான்கு அடுக்கினால் நிறைவளவு 58.8. அதைச் சிலர் 52 என்பார்கள், சிலர் அதையும் 48 என்றே விற்பார்கள். லிதியம் இரும்புப் பொஸ்பேற்று வகைச் செல்லுக்கு நிறைவளவு 3.65 மட்டுமே, அதில் பதினாறு அடுக்கினால் 58.4, பதினைந்து அடுக்கினால் 54.75. நம் ஊரில் ஓடும் பழைய மின் சைக்கிள்களில் நான்கு ஈய அமிலப் பற்றரிகள் இருக்கும். அவற்றுக்கான சார்ஜர் 58ஐச் சுற்றி ஏற்றிவிட்டு, நிரம்பிய பிறகும் கையை எடுக்காமல் 55 அளவில் பிடித்துக்கொண்டே இருக்கும். இத்தனை வகைக்கும் ஒரே பெயர், பல வேளைகளில் ஒரே வடிவப் பிளக். ஆகவே சார்ஜரின் மீதுள்ள தாளை வாசிப்பதைவிட அதன் வாயை அளப்பதே முதல் வேலை. அந்த 58.8 சார்ஜரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெறுமையாக அளந்தபோது 54.6 காட்டிய ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

இந்த வேலையில் நான் இறங்கியது 2022இல். எரிபொருள் தட்டுப்பாட்டில், மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் அட்டையைக் காட்டி வரிசையில் நின்ற காலம் அது. திருகோணமலையின் அலஸ்தோட்டத்திலிருந்து நகரத்திலுள்ள வேலையிடத்துக்கு ஒரு வழிக்கு ஐந்தாறு கிலோமீற்றர்தான். பழைய சைக்கிளின் பின்சில்லில் 250 வாற்று மோட்டர் ஒன்றைப் பூட்டினேன். பற்றரிக்கு மட்டும் கையில் பணம் போதவில்லை. கணினி திருத்தும் கடைகளில் கழித்துப் போட்டிருந்த மடிக்கணினிப் பற்றரிகளை வாங்கி உடைத்து, உள்ளே இருந்த 18650 எனும் உருளை வடிவச் செல்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1.9 முதல் 2.1 அம்பியர் மணி வரை கொள்ளளவு மிஞ்சியிருந்த ஐம்பத்திரண்டைத் தேர்ந்தேன். நான்கு நான்காகச் சமாந்தரமாக வைத்து, அந்தப் பதின்மூன்று தொகுதிகளையும் தொடராக நிக்கல் பட்டியால் இணைத்தேன். மொத்தம் ஏறத்தாழ 8 அம்பியர் மணி. சக்தியாகச் சொன்னால் 370 வாற்று மணி அளவு.

கழித்த செல்களைக் கொண்டு பற்றரி கட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். புதிய செல்களை ஒரே பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டுபவருக்கு இங்கே சொல்லப்போகும் தொல்லைகளில் பாதி இருக்காது. ஆனால் கட்டிவிட்டேன், கட்டிய பின் எந்த அளவுக்கு மின்னேற்றுவது என்பதே நாளாந்தக் கேள்வியாகிவிட்டது.

4.20 என்ற எல்லையைத் தாண்டினால் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்னேற்றும்போது லிதியம் அயன்கள் ஒட்சைட்டு மின்வாயை விட்டுக் கிளம்பிக் காரீய (கிராபைற்று) மின்வாயின் படைகளுக்கு இடையே போய் அமர்கின்றன. அங்கே இடம் நிரம்பிய பிறகும் தள்ளிக்கொண்டே இருந்தால், அவை உள்ளே போக வழியின்றி மேற்பரப்பிலேயே லிதியம் உலோகமாகப் படியத் தொடங்கும். மறுபக்கத்தில், லிதியத்தை அளவுக்கு மீறி இழந்த ஒட்சைட்டின் கட்டமைப்புத் தளர்ந்து, வெப்பம் ஏறும்போது ஒட்சிசனை விடும் நிலைக்கு வரும். இரண்டுக்கும் இடையில் இருப்பதோ எரியக்கூடிய சேதனக் கரைப்பான். இரு மின்வாய்களையும் பிரித்து வைக்கும் பொலித்தீன் மென்படலம் 130 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். எரிபொருளும் ஒட்சிசனும் சூடும் ஒரே தகரக் குழாய்க்குள் அடைபட்டிருக்கும் பொருள் அது. இதைத் தெரிந்துகொண்ட பின், 4.20 என்ற எண்ணை எட்டித் தொட்டே ஆக வேண்டிய இலக்காகப் பார்க்கும் பழக்கம் என்னைவிட்டுப் போய்விட்டது.

ஆனாலும் முதல் எட்டு மாதங்கள் 54.6 வோல்ற்றுக்கே ஏற்றிக்கொண்டிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சார்ஜரும் அப்படித்தான் வந்தது. பச்சை விளக்கு எரிந்தால் நிம்மதி. ஒரு நாள் மாலை உவர்மலைப் பக்கம் ஏறும்போது, இன்னும் பாதிக்கு மேல் இருக்க வேண்டிய பற்றரி சட்டென்று கையை விரித்தது. மிதித்தே வீடு வந்து சேர்ந்தேன். இரவு முழுக்க மின்னேற்றிப் பச்சை விளக்கு எரிந்ததும், சார்ஜரைக் கழற்றாமலேயே, பி.எம்.எஸ். பலகைக்குப் போகும் மெல்லிய கம்பிகளின் முனைகளில் தொகுதி தொகுதியாக அளந்தேன். மொத்தம் 54.6, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பதினோராவது தொகுதி 3.98இல் நின்றது. ஏழாவது 4.26. ஏனைய பதினொன்றும் 4.21ஐ ஒட்டி இருந்தன.

அந்தப் பதின்மூன்று எண்களையும் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சார்ஜர் பொய் சொல்லவில்லை, மீற்றரும் பொய் சொல்லவில்லை. சார்ஜருக்குத் தெரிவது இரண்டு முனைகளுக்கு இடையிலுள்ள மொத்தம் மட்டுமே. அந்த மொத்தத்தை உள்ளே யார் எவ்வளவு சுமக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. ஒருவர் சுமக்காமல் விட்ட பங்கு மற்றப் பன்னிரண்டு பேரின் தலையில் ஏறிவிடுகிறது. 54.6 என்று வைப்பதன் பொருள், பதின்மூன்று தொகுதிகளும் என்றென்றும் சமமாகவே இருக்கும் என்று நம்புவது. ஒரு தொகுதி ஒரு மயிரிழை பின்தங்கினாலும் மற்றவை 4.20ஐத் தாண்டியே ஆக வேண்டும், கணக்கில் வேறு வழியில்லை.

அப்போதுதான் தொகுதிக்கு 4.10 வைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். பதின்மூன்று பெருக்கல் 4.10 என்றால் 53.3. பதினோராவது தொகுதி அன்று போலவே ஏனையவற்றைவிட 0.22 வோல்ற்று பின்தங்கியிருப்பதாக வைத்துக்கொண்டால், மற்றவை ஏறத்தாழ 4.12இல் நின்றுவிடும். 54.6 வைத்திருந்தால் அவை 4.22இல் நின்றிருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம். பன்னிரண்டு தொகுதிகள் சரியாக 4.20ஐத் தொட வேண்டுமானால் அவை எடுத்துக்கொள்வது 50.4 வோல்ற்று, 53.3இல் மிச்சம் 2.9. அதாவது ஒரு தொகுதி 2.9 வோல்ற்று வரை கீழே விழுந்து கிடந்தாலும், மற்றவை சராசரியாக எல்லைக்கு உள்ளேயே இருக்கும். மொத்தத்தில் வெறும் 1.3 வோல்ற்றைக் குறைத்ததற்கு இவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. செல்லின் ஆயுள் கூடும் என்பதற்காகத்தான் 4.10ஐப் பலரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் வீட்டில் கட்டிய, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத செல்களைக் கொண்ட பற்றரிக்கு, இந்த இடைவெளிதான் ஆயுளைவிடப் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

இந்தக் கணக்குக்கும் ஒரு எல்லை உண்டு. ஒரு தொகுதி உள்ளே குறுக்கிணைந்து பூச்சியத்துக்குப் போய்விட்டால், 53.3ஐப் பன்னிரண்டு பேர் பகிர வேண்டும், ஆளுக்கு 4.44 வரும். அந்த நிலைக்குத்தான் பி.எம்.எஸ். வேண்டும்.

பதினோராவது தொகுதியைப் பிரித்தேன். பிளாஸ்ரிக் ஆப்பால் நிக்கல் பட்டியை மெல்ல நெம்பி, நான்கு செல்களையும் தனித்தனியாக்கி, ஒவ்வொன்றையும் 4.10க்கு ஏற்றி, திகதியும் அளவும் எழுதிய தாள்துண்டை ஒட்டி, மேசையில் இரண்டு வாரம் அப்படியே விட்டேன். மூன்று செல்கள் 4.09இலும் 4.08இலும் நின்றன. நான்காவது 3.87க்கு இறங்கியிருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை, கொள்ளளவுச் சோதனையிலும் அது தேறியிருந்தது. ஆனால் சும்மா இருக்கும்போதே உள்ளுக்குள் கசிந்துகொண்டிருந்தது. கசியும்போது தன்னோடு சமாந்தரமாக நின்ற மூன்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் கட்டும்போதே எல்லாச் செல்களையும் இப்படி இரண்டு வாரம் காயவிட்டிருந்தால் அது அன்றே பிடிபட்டிருக்கும். அவசரத்தில் இரண்டு நாளோடு முடித்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழித்த மடிக்கணினிச் செல்களில் சில 4.35 வோல்ற்று வரை ஏற்றக்கூடியவையாகத் தயாரிக்கப்பட்டவை. அப்படி நாலைந்து கிடைத்ததும் எல்லையைக் கூட்டலாமோ என்று மனம் போகும். ஒரே பற்றரியில் அவற்றைக் கலந்தால் எல்லையைத் தீர்மானிப்பது உயர்ந்த செல் அல்ல, தாழ்ந்த செல்தான். நான் அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

53.3க்கு மாறியதும் ஒரு புதிய சிக்கல் வந்தது. என் பி.எம்.எஸ். பலகை தொகுதிகளைச் சமப்படுத்தத் தொடங்குவது ஒரு தொகுதி 4.20ஐ எட்டும்போதுதான். எட்டிய தொகுதியிலிருந்து ஒரு சிறு தடையினூடாக 50 மில்லியம்பியர் அளவு கசியவிட்டு, மற்றவை வந்து சேரக் காத்திருக்கும். எப்போதும் 4.10இலேயே நிறுத்தினால் அந்தக் கதவு ஒருநாளும் திறக்காது. பாதுகாப்புக்காகக் குறைத்த வோல்ற்றளவு சமநிலையைக் கெடுத்துவிடுமே என்று குழம்பினேன். ஆனால் அந்தச் சமப்படுத்தலின் வலுவையும் அளந்து பார்க்க வேண்டும். பதினோராவது தொகுதி அன்று பின்தங்கியிருந்தது ஏறத்தாழ ஒன்றரை அம்பியர் மணி. 50 மில்லியம்பியரில் அதைச் சரிசெய்ய முப்பது மணித்தியாலம் ஆகும், அதுவும் ஏனைய பன்னிரண்டையும் 4.20இல் பிடித்துவைத்துக்கொண்டு. சிறுசிறு வித்தியாசங்களைத் துடைப்பதற்கு அது போதும்; நோயுள்ள தொகுதியை அது குணப்படுத்தாது.

ஆகவே நான் இப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன். நாளாந்தம் 53.3. மாதத்துக்கு ஒரு தடவை, நிலாவெளியில் சின்னம்மா வீட்டுக்குப் போகும் நாளின் காலையில் மட்டும், 54.6 சார்ஜரைச் செருகி, பக்கத்திலேயே இருந்து, தொகுதிகளை அளந்தபடி ஏற்றுவேன். எந்தத் தொகுதியாவது 4.22ஐத் தாண்டினால் அத்தோடு நிறுத்திவிடுவேன். நிரம்பியதும் நிறுத்தி வைக்காமல் ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். போய்வர இருபத்தைந்து கிலோமீற்றர் அளவு. கிலோமீற்றருக்கு 12 முதல் 15 வாற்று மணி தின்னும் சைக்கிளுக்கு அது ஏறக்குறைய முழுப் பற்றரி. நிறையக் கொள்ளளவு தேவைப்படும் நாளும் சமப்படுத்தும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன. வேலைக்குப் போய்வரும் நாட்களுக்கு 180 வாற்று மணி தாராளம். 4.10இல் நிறுத்துவதால் நான் இழப்பது கொள்ளளவில் பத்திலொரு பங்கும் இன்னும் சிறிதும். அந்தப் பங்கை மற்ற நாட்களில் நான் தொட்டதே இல்லை.

இரண்டு சார்ஜர்கள் எப்படி வந்தன என்று கேட்பீர்கள். 54.6 சார்ஜரை அப்படியே விட்டுவிட்டு, அதே வகையில் இன்னொன்றை வாங்கி, ரேடியோவும் தொலைக்காட்சியும் திருத்தும் ஒரு அண்ணையிடம் கொண்டுபோனேன். உள்ளே, வெளியீட்டு வோல்ற்றளவைத் தீர்மானிக்கும் சிறிய நீலநிறத் திருகு ஒன்று இருந்தது. எல்லாச் சார்ஜரிலும் அது இருக்காது. "ஏன் தம்பி குறைக்கச் சொல்லுறீர்? எல்லாரும் கூட்டித் தரத்தான் கேக்கிறவை" என்று சிரித்தார். நான் எண்களை எழுதிக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் திருகைத் திருப்பினார். இதை நானே செய்யாததற்குக் காரணம் உண்டு. 230 வோல்ற்று மின்சாரம் உள்ளே நேராக்கப்பட்டதும், மின்னைத் தேக்கி வைக்கும் அங்குள்ள பெரிய கொள்ளளவியில் 320 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் அங்கேயே இருக்கும். பற்றரியின் 54 வோல்ற்றோடு பழகிய கைக்கு அந்தப் பக்கத்தின் அபாயம் வேறு வகையானது. திருகிய பின் ஒரு துளி பசையை அதன் தலையில் வைத்தார், சைக்கிள் அதிர்வில் தானாகச் சுழலாதிருக்க. சார்ஜரை நான் சைக்கிளில் கொண்டு திரிவதில்லை, இருந்தாலும் அந்தத் துளி எனக்குப் பிடித்திருந்தது.

அவர் கடையிலேயே ஒரு பாடமும் படித்தேன். என் மீற்றர் 53.3 காட்டியபோது அவருடையது 53.1 காட்டியது. நேரோட்ட (DC) வோல்ற்றளவில் அரைச் சதவீதப் பிழை உள்ள மீற்றர் 53.3இல் கால் வோல்ற்றுக்கு மேல் தவறலாம். தொகுதிக்குப் பிரித்தால் அது 0.02. 53.3இல் அந்தப் பிழை எங்கே விழுந்தாலும் தாங்கும், 54.6இல் தாங்காது. மீற்றரின் பிழை வேறு வழியிலும் வரும். சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் இரவு அளந்தபோது எல்லாத் தொகுதிகளும் 4.4க்கு மேல் காட்டின. பற்றரியைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்து மணலின் நடுவே வைத்துவிட்டு, தள்ளி நின்று காவல் காத்தேன். அம்மா கதவோரம் நின்று, "உது வெடிக்கிற சாமானோ, தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, ஆம் என்று சொல்லவும் முடியவில்லை. விடிந்ததும் வேறொரு மீற்றரை இரவல் வாங்கி அளந்தால் 4.09. என் மீற்றருக்குள் இருந்த 9 வோல்ற்றுப் பற்றரி வலுவிழந்திருந்தது. மலிவான மீற்றர்கள் தம் சொந்தப் பற்றரி இறங்கும்போது எதிரே உள்ளதைக் கூட்டிக் காட்டும். அன்றிலிருந்து அளப்பதற்கு முன் மீற்றரின் மூலையில் அந்தச் சிறு பற்றரிக் குறி எரிகிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. திருகைத் திருப்பிய நாளில் அந்த மீற்றர் சரியாக இருந்ததா என்ற கேள்வி அடுத்துப் பிறக்க, சார்ஜரை மறுபடியும் மூன்று மீற்றர்களால் அளந்து பார்த்த பிறகே தூக்கம் வந்தது.

இனி வெப்பம். வெளிநாட்டவர் எழுதும் அறிவுரைகளில் உறைநிலைக்குக் கீழே மின்னேற்ற வேண்டாம் என்று தவறாமல் இருக்கும். திருகோணமலையில் அந்தக் கவலை நமக்கு இல்லை. நம் கவலை மறுகரையில். பெரும்பாலான செல்களுக்குத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் மின்னேற்ற வெப்பநிலை 45 பாகையோடு முடிகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில், வேலையிடத்தின் தகரக் கொட்டகைக்குள் பகல் முழுக்க நின்ற சைக்கிளை மாலையில் ஓட்டிக்கொண்டு வந்து, பற்றரிப் பெட்டிக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது 44 காட்டியது. அந்தச் சூட்டோடு சார்ஜரைச் செருகுவது முறையல்ல. இப்போது பெட்டியைத் திறந்து திண்ணையில் வைத்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் பிறகே செருகுகிறேன். லிதியம் அயன் செல்லை முதுமையாக்குபவற்றில் முக்கியமானவை இரண்டு: சூடும், நிறைந்திருக்கும் நிலையும். இரண்டும் சேர்ந்தால் ஓட்டாமலே கொள்ளளவு கரையும். சூட்டை நாம் குறைக்க முடியாத ஊரில், நிறைவைக் குறைப்பதுதான் கையில் உள்ள வழி. அதனால் கடும் வெயில் மாதங்களில் 53.3க்கும் கீழே, தொகுதிக்கு 4.05 என்று 52.65இல் நிறுத்தினாலும் தவறில்லை. என் சார்ஜரை அடிக்கடி திறக்க முடியாததால், அந்த நாட்களில் பச்சை விளக்குக்குக் காத்திராமல் நேரம் பார்த்துக் கழற்றிவிடுகிறேன்.

மின்னேற்றும் இடம் திண்ணையின் சீமெந்துத் தரை. கதவுக்கு நேரே வைப்பதில்லை, ஏனெனில் ஏதும் நடந்தால் வெளியேறும் வழி அதுதான். சுற்றிலும் துணியோ காகிதமோ இல்லை. படுக்கும் நேரத்தில் ஏற்றுவதில்லை. 2 அம்பியர் என்பது 8 அம்பியர் மணிப் பற்றரிக்குக் கால் பங்கு வேகம். பாதியிலிருந்து ஏற்ற இரண்டு மணித்தியாலம் சொச்சம் போதும் என்பதால் இரவு முழுக்க விடவேண்டிய தேவையும் இல்லை.

பி.எம்.எஸ். பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அதன் விவரத்தாளில் மிகை வோல்ற்றளவில் துண்டிக்கும் எல்லை 4.25 என்றும், அதில் 0.05 கூடலாம் குறையலாம் என்றும் இருக்கிறது. அன்று ஏழாவது தொகுதி 4.26இல் நின்றும் பலகை துண்டிக்காததற்குக் காரணம் அந்த 0.05தான், பலகையில் பிழை ஒன்றுமில்லை. 4.30 வரை அது வாய் திறக்காமல் இருக்கலாம். வீதியின் ஓரத்தில் கட்டிய மதிலைப் போன்றது அது. வண்டி பள்ளத்தில் விழாமல் தடுக்கும், ஆனால் தினமும் மதிலில் உரசிக்கொண்டே யாரும் ஓட்டுவதில்லை. நிறுத்தும் வேலை சார்ஜருடையது. அதோடு, கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: உப்புக் காற்றில், பலகைக்குப் போகும் மெல்லிய கம்பிகளின் இணைப்பில் ஆறு மாதத்துக்குள் பச்சை படர்ந்திருந்ததைக் கண்டேன். அந்தக் கம்பிகளில் ஒன்றின் தொடுகை கெட்டால், அதன் இருபுறத்துத் தொகுதிகளையும் பலகை தவறாகவே வாசிக்கும்; தவறாக வாசிக்கும் காவலாளி இல்லாத காவலாளியைவிட மோசம். துடைத்துச் சுத்தமாக்கி, இணைப்பைச் சுற்றிச் சிலிக்கன் பசை பூசினேன்.

கீழ் எல்லையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொகுதிக்கு 3.0 வோல்ற்று, மொத்தம் 39. அதற்கு முன்பே மோட்டரின் கட்டுப்படுத்தி (controller) ஓட்டத்தை நிறுத்திவிடும்படி பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் ஏதோ ஒரு தொகுதி நெடுநாள் கவனிக்காமல் 2 வோல்ற்றுக்கும் கீழே போய்விட்டதென்றால், அதை மீண்டும் ஏற்றி உயிர்ப்பிக்க முயல வேண்டாம். உள்ளேயிருக்கும் செப்புத் தகடு கரைந்து, அடுத்த மின்னேற்றத்தில் வேண்டாத இடத்தில் படிந்திருக்கக்கூடும். அப்படியொரு தொகுதி மீண்டும் 4.10ஐத் தொட்டுக் காட்டினாலும் அதை நம்ப முடியாது.

இதை எழுதும்போது மாரி மழை பெய்துகொண்டிருக்கிறது. அலஸ்தோட்டத்து ஒழுங்கைகளில் முழங்கால் அளவு தண்ணீர், சைக்கிள் மூன்று வாரமாக வெளியே போகவில்லை. பற்றரியை 48.8 வோல்ற்றில், அதாவது தொகுதிக்கு 3.75 அளவில் விட்டு, சார்ஜரைக் கழற்றி, உள்ளறையின் சீமெந்துத் தட்டில் வைத்திருக்கிறேன். நேற்று கொப்பியை எடுத்து மறுபடி அளந்தேன். பதினோராவது தொகுதியில் 0.01 இறக்கம், மற்ற எல்லாவற்றிலும் அதே அளவு. ஆனால் ஐந்தாவது தொகுதி 0.03 இறங்கியிருக்கிறது. மீற்றரின் பற்றரியை மாற்றிவிட்டு அளந்தாலும் அதே 0.03. அந்த வரிக்கு எதிரே ஒரு புள்ளி குத்தி வைத்திருக்கிறேன். தைப்பொங்கலுக்கு முன் இன்னொரு தடவை அளக்க வேண்டும். அப்போதும் ஐந்தாவது மட்டும் தனியே இறங்கியிருந்தால், மழை விட்டு நிலாவெளிக்குக் கிளம்புவதற்கு முன் ஆப்பையும் தாள்துண்டுகளையும் மறுபடி வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.